களிமண்ணும் க்ஷேத்திர கணிதமும்

ஆரம்பப் பாடசாலைகளில் கணிதம் போதிக்கும் முறை நமது நாட்டில் சில ஆண்டுகளாக மாறி வருகிறது. கொரோனா நோயின் காரணமாகப் பாடசாலைகள் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தன. அதனால் குழந்தைகளுக்கு ஏற்பட்ட கல்வி நஷ்டத்தை ஈடு செய்யும் பொருட்டு, 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழ்நாடு சர்க்கார் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் இயக்கத்தைத் துவக்கினர். எட்டு வயது நிரம்பும் முன் ஒவ்வொரு குழந்தையும் பிழையின்றிப் படிக்கவும், அடிப்படைக் கணக்குகளைப் போடவும் வல்லதாக வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆடல், பாடல், படம், பொம்மை இவற்றின் வாயிலாகப் பாடம் நடத்தும் வழக்கம் அதனால் பரவியது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் அவ்வியக்கத்தின் பெயரிலேயே ஒரு குறை மறைந்து நிற்கிறது. எண் உண்டு, எழுத்து உண்டு, வடிவம் எங்கே?

இன்று வடிவியல் என்று பாட புஸ்தகங்கள் கூறும் க்ஷேத்திர கணிதம், நமது பாடசாலைகளில் கணக்குப் பாடத்தின் கடைசிப் பிள்ளையாகவே நடத்தப்படுகிறது. ஆண்டு முடிவில் அவகாசம் மிஞ்சினால் அதற்கு இடம். மிஞ்சாவிட்டால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்ற மனோபாவம். அவகாசம் கிடைத்து நடத்தும் இடங்களிலும், கனசதுரம் என்றால் கரும்பலகையில் ஒன்பது கோடுகளாலான ஒரு சித்திரம். கூம்பு என்றால் ஒரு முக்கோணமும் அதன் அடியில் ஒரு நீள்வட்டமும். கனம் உள்ள பொருளைக் கனமில்லாத பலகையில் கண்டு கற்கும் குழந்தை, அதன் பெயரைக் கற்கிறது, பொருளைக் கற்பதில்லை. ஆறு முகங்களில் மூன்றைத்தான் சித்திரம் காட்டும். மற்ற மூன்றையும் குழந்தை எங்கே போய்த் தேடும்?

இக்குறைக்குப் பரிகாரமாக இக்காலத்தில் முதலில் முன்வைக்கப்படுவது ஒளித்திரையாகும். ஆரம்பப் பாடசாலைகளில் திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கப்பட்டு வருகின்றன. உபாத்தியாயர்களுக்குக் கைக்கணினிகள் வழங்கப்பட்டிருக்கின்றன. இவற்றால் விளையும் நன்மையை நாம் மறுக்கவில்லை. திரையிலே கனசதுரத்தைச் சுழற்றிக் காட்டலாம். பிரித்து விரித்துக் காட்டலாம். கரும்பலகையினும் இது மேலானதே. ஆயினும் சுழற்றுவது யாருடைய கை? பெரும்பாலும் உபாத்தியாயருடைய கையே. முப்பது குழந்தைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்த்துக் கற்பது ஒன்று, தொட்டுச் செய்து கற்பது மற்றொன்று. நீச்சலைப் படம் பார்த்துக் கற்றவன் கிணற்றில் இறங்கினால் என்ன ஆகும் என்பது யாவரும் அறிந்ததே.

கையாலே வடிவத்தைக் கற்பிக்கும் யோசனை புதியதன்று. ஜெர்மன் தேசத்துக் கல்வியறிஞர் பிரோபெல் 1837-ஆம் ஆண்டில் சிறு குழந்தைகளுக்காக ஒரு பாடசாலையைத் துவக்கி, 1840-இல் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’ என்று பெயரிட்டார். அவர் குழந்தைகளுக்கு அளித்த ‘பரிசுகள்’ என்னும் விளையாட்டுக் கருவிகளில் இரண்டாவது, ஒரு மரக்கோளமும், ஓர் உருளையும், ஒரு கனசதுரமுமாகும். கனசதுரத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு வேகமாகச் சுழற்றினால் அது கண்ணுக்கு உருளையாகத் தோன்றும். ஒரு வடிவத்துள் இன்னொரு வடிவம் ஒளிந்திருக்கிறது என்ற பெரிய உண்மையை ஐந்து வயதுக் குழந்தை ஒரு கணத்தில் கண்டுகொள்கிறது.

அந்தப் பரிசுகளுள் எட்டாவதான காகித மடிப்பைக் கண்டு ஊக்கம் பெற்ற ஒருவர் நமது சென்னை மாகாணத்திலேயே இருந்தார் என்பது நம்மவர் பலருக்கும் தெரியாத செய்தி. அவர் பெயர் சுந்தர ராவ். வருவாய் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். ஜமாபந்திக் கணக்குகளுக்கிடையே காகிதத்தை மடித்து மடித்துப் பார்த்த அவர், 1893-ஆம் ஆண்டில் காகித மடிப்பால் க்ஷேத்திர கணிதம் பயிலுவது குறித்து ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி, சென்னை அடிஸன் கம்பெனியார் மூலம் வெளியிட்டார். ஸ்கேலும் காம்பஸும் இன்றிச் சதுரம், சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் முதலியவற்றை மடித்தெடுக்கும் வழிகளை அந்நூல் விளக்குகிறது. ஜெர்மன் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் 1895-இல் வெளியான தமது நூலில் அதைக் குறிப்பிட்டார். அதனால் கவரப்பட்ட அமெரிக்கக் கணித ஆசிரியர்கள் இருவர் 1901-இல் சிக்காகோ நகரில் அதைத் திருத்திப் பதிப்பித்தார்கள். உலகம் கொண்டாடிய அந்நூலை நமது ஆரம்பப் பாடசாலைகள் எத்தனை திறந்து பார்த்தன? சென்னையில் பிறந்த யோசனை சிக்காகோவுக்குப் போய்ச் சேர்ந்தது. சிதம்பரத்துக்கும் சேலத்துக்கும் வந்து சேரவில்லை.

அந்த முறையின் எளிமையை நேயர்கள் தாமே சோதித்துப் பார்க்கலாம். ஒழுங்கின்றிக் கிழித்த ஒரு துண்டுக் காகிதத்தை ஒருமுறை மடித்தால் நேர்க்கோடு கிடைக்கிறது. அந்தக் கோடு தன்மேலேயே படியுமாறு மறுமுறை மடித்தால் செங்கோணம் கிடைக்கிறது. கருவி ஏதுமின்றிக் குழந்தை தன் கையாலேயே செங்கோணத்தைப் படைத்துவிட்டது. முக்கோணமாக வெட்டிய காகிதத்தின் மூன்று மூலைகளையும் அடிப்பக்கத்தில் ஓரிடத்தில் சந்திக்கும்படி மடித்தால் அவை ஒரு நேர்க்கோட்டை நிரப்புகின்றன. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 டிகிரி என்பதை மனப்பாடம் செய்வதற்கும், இவ்வாறு கண்டுகொள்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு.

பின்னர் வந்தவர்களும் இவ்வழியையே வற்புறுத்தினார்கள். மான்டிசோரி அம்மையார் 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து, பிரம்மஞான சபையின் ஆதரவில் உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தத்தின் காரணமாக 1946 வரை அவர் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அக்காலத்தில் சில ஆண்டுகள் கோடைக்கானலில் வசித்தார். மரத்தாலான கன வடிவங்களையும், சட்டத்தில் பொருத்தி எடுக்கும் தட்டை வடிவங்களையும் குழந்தை தடவிப் பார்த்துப் பயில்வது அவரது முறையின் ஓர் அங்கமாகும். ஆனால் அது நகரத்திலே பணமுள்ளோர் வீட்டுக் குழந்தைகளின் பாடசாலைகளில் தங்கிவிட்டதேயன்றிக் கிராமத்துப் பஞ்சாயத்துப் பாடசாலைக்குள் புகவில்லை. விலையுயர்ந்த கருவியே அதற்குத் தடையாக நின்றது. சென்னை முத்தையாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக விளங்கிய பி. கே. ஸ்ரீநிவாஸன், காகிதமும் குச்சியும் போன்ற மலிவான பொருள்களைக் கொண்டே கணிதத்தைக் குழந்தைகளுக்கு இனிமையாக்கலாம் என்று வாழ்நாள் முழுதும் காட்டி வந்தார். ராமானுஜன் பெயரால் 1993-இல் ராயபுரத்தில் ஒரு காட்சிச்சாலை தோன்றியதும் அவரது உழைப்பினாலேயே.

கைவழிக் கல்வி ஏன் வேண்டும் என்பதற்குச் சாஸ்திர ஆதாரமும் உண்டு. ஹாலந்து தேசத்து ஆசிரியத் தம்பதிகளான வான் ஹீலே இருவரும் 1957-ஆம் ஆண்டில் தமது ஆராய்ச்சிகளை வெளியிட்டார்கள். வடிவத்தைப் பற்றிய அறிவு படிப்படியாகவே வளர்கிறது என்பது அவர்களது முடிவு. முதற்படியில் குழந்தை வடிவத்தை முழுத் தோற்றமாகவே காண்கிறது. அடுத்த படியில் அதன் பக்கம், மூலை முதலிய குணங்களைப் பகுத்தறிகிறது. அதற்கும் மேற்படியிலேதான் ஒரு குணத்திலிருந்து மற்றொரு குணம் விளைவதை உணர்கிறது. கீழ்ப்படியில் நிற்கும் குழந்தையிடம் மேற்படியின் பாஷையில் பேசினால், அது உருப்போட்டு ஒப்பிக்குமேயன்றி அறிந்துகொள்ளாது. சதுரத்தைச் சற்றே சாய்த்து வைத்தால் அது சதுரமல்ல, சீட்டுக்கட்டு டயமன் என்று சொல்லும் குழந்தைகளை எந்த வகுப்பிலும் காணலாம். படத்தை மட்டுமே பார்த்த குழந்தைக்கு நிமிர்ந்து நிற்பதுதான் சதுரம். சதுர ஓடு ஒன்றைக் கையில் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொன்னால் அந்த மயக்கம் தானே தெளிந்துவிடும்.

கம்ப்யூட்டர் யுகத்தின் முன்னோடிகளும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. 1967-இல் அமெரிக்காவில் ஸேமூர் பேபெர்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் குழந்தைகளுக்காக ‘லோகோ’ என்னும் கம்ப்யூட்டர் பாஷையை உருவாக்கினார்கள். பின்னர் அதில் ‘ஆமை’ ஒன்று சேர்ந்தது. இத்தனை அடி முன்னே போ, இத்தனை டிகிரி திரும்பு என்று கட்டளையிட்டால் அது கோடு போட்டுக்கொண்டே செல்லும். ஆமைக்குக் கட்டளையிடும் முன், குழந்தை தானே ஆமையாகித் தரையில் நடந்து பார்க்கட்டும் என்பது பேபெர்ட்டின் உபதேசம். யந்திரத்தைப் படைத்தவர்களே உடம்பை முதலில் வைத்தார்கள். யந்திரத்தை விலைக்கு வாங்கும் நாம் உடம்பை மறப்பது நியாயமா?

இத்தருணத்தில் நமது பார்வை விருத்தாசலத்தின் பக்கம் செல்கிறது. திருமுதுகுன்றம் என்று தேவார காலத்திலே புகழ்பெற்று, மணிமுத்தாற்றின் கரையில் விளங்கும் இந்த ஊர், நமது காலத்தில் செராமிக் நகரம் என்ற பெயரையும் பெற்றிருக்கிறது. அருகிலே நெய்வேலியில் நிலக்கரி எடுக்கும் பொருட்டு அகற்றப்படும் மேல்மண்ணோடு களிமண் வகைகளும் வெளிப்படுகின்றன. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. செராமிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமா அளிக்கும் சர்க்கார் ஸ்தாபனமும் இருக்கிறது. கார்த்திகைக்கு அகல் விளக்கு, நவராத்திரிக்குக் கொலு பொம்மை, மின்சாரத்துக்குப் பீங்கான் பியூஸ் கட்டை ஆகியவை இங்கிருந்து போகின்றன. இத்தனை வடிவங்களை வார்த்தெடுக்கும் ஊரிலிருந்து, சுற்றுப்புறத்து ஆரம்பப் பாடசாலைகளுக்கு ஒரு கோளமும் ஓர் உருளையும் ஒரு கூம்பும் ஏன் போகலாகாது என்பதே நமது கேள்வி.

பீங்கான் தொழிலே ஒரு க்ஷேத்திர கணிதப் பாடசாலையாகும். சக்கரம் சுழல, அசையாமல் பிடித்த விரலின் முன் களிமண் வட்டமாகத் தானே ஒதுங்குகிறது. மையத்திலிருந்து சம தூரத்தில் உள்ள புள்ளிகளின் கோடே வட்டம் என்ற இலக்கணத்தைக் குயவரின் விரல் சொல்லிவிடுகிறது. ஒரு தகட்டை வளைவாக வெட்டிச் சுழலும் களிமண்மேல் பிடித்தால் கிண்ணம் உண்டாகிறது. கோடு சுழன்றால் பரப்பு என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. சுள்ளையில் வெந்த பண்டம் சுருங்குகிறது. ஈரக் களிமண்ணில் 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் உலர்ந்து வெந்தபின் 9 சென்டிமீட்டராகச் சுருங்கினால், நீளத்தில் குறைவு பத்தில் ஒரு பங்கே. ஆனால் கன அளவோ 1000-லிருந்து 729-ஆக, அதாவது கால் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. நீளத்துக்கும் கன அளவுக்கும் உள்ள உறவைக் காட்ட இதனினும் தெளிவான சான்று ஏது?

ஆகவே நாம் கூறும் யோசனை இதுவே. விருத்தாசலம் செராமிக் ஸ்தாபனமும், ஜில்லாக் கல்வி அதிகாரிகளும், தொழிற்பேட்டைச் சிறு தொழிலாளிகளும் ஒன்று கூடி, ஆரம்பப் பாடசாலைகளுக்கான ஒரு வடிவப் பெட்டியை வகுக்க வேண்டும். அதில் முதலாவதாக ஓடுகள் இருக்கட்டும். சமபக்க முக்கோணம், சதுரம், ஐங்கோணம், அறுகோணம் என்று ஒரே பக்க அளவில் பல ஓடுகள். குழந்தைகள் அவற்றைத் தரையில் இடைவெளியின்றிப் பரப்ப முயலட்டும். முக்கோணமும் சதுரமும் அறுகோணமும் நிரப்பும். ஐங்கோணம் மட்டும் எப்படி வைத்தாலும் இடுக்கு விடும். ஏன் என்று குழந்தை கேட்கும். அந்தக் கேள்வி பிறந்துவிட்டால் உபாத்தியாயரின் வேலையில் பாதி முடிந்தது. தேன்கூடு ஏன் அறுகோணம் என்ற கேள்வியும் அதைத் தொடர்ந்து வரும்.

இரண்டாவதாக, உள்ளே வெற்றிடமுள்ள பாத்திரங்கள். ஒரே வாயகலமும் ஒரே உயரமும் உள்ள ஓர் உருளையும் ஒரு கூம்பும். கூம்பை மணலால் நிரப்பி உருளையில் கொட்டினால் மூன்றாம் முறையில் உருளை நிரம்பும். மேல் வகுப்பில் சூத்திரமாக வந்து மாணவனைப் பயமுறுத்தும் மூன்றில் ஒரு பங்கு, இங்கே மணல் விளையாட்டாக முன்கூட்டியே அறிமுகமாகிவிடுகிறது. மூன்றாவதாக, வேகாத களிமண் ஒரு கட்டி. அதைக் கனசதுரமாகப் பிடித்து, இழுத்துப் பிடித்த நூலால் வெட்டிப் பார்க்கலாம். நேராக வெட்டினால் சதுரம். ஒரு மூலையைச் சாய்த்துக் கொய்தால் முக்கோணம். வெட்டியதைப் பிசைந்து மீண்டும் பிடிக்கலாம். பிழை செய்ய அஞ்ச வேண்டாத கருவி இது ஒன்றே. கூர்மையான விளிம்புள்ள கனசதுரங்களைப் பீங்கானில் செய்தால் ஓரம் பெயர்ந்துவிடும் என்பதால், அவற்றை மட்டும் மரத்தில் செய்வது உசிதம்.

இதற்கு எழக்கூடிய ஆட்சேபங்களை நாம் அறிவோம். பீங்கான் உடையும் என்பது முதல் ஆட்சேபம். உண்மைதான், ஆனால் உடைந்த ஓட்டுக்குப் பதில் ஓடு பக்கத்து ஊரிலே கிடைக்கும். பழுதான திரையைச் சீர்படுத்த ஆள் எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். உபாத்தியாயருக்கு வேலைப் பளு என்பது இரண்டாவது. 2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் துவங்கி, பின்னர் ராஜ்யம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில் அட்டைகளும் கருவிகளும் வந்து சேர்ந்தன. எந்தக் கருவியும் அதைக் கையாளத் தெரிந்தவர் இல்லாவிடில் அலமாரிக்குள் பூட்டப்பட்டுத் தூசி படியும். கணக்கெடுக்கும்போது மட்டுமே வெளியே வரும். உடைந்தால் தம்மேல் பழி வருமோ என்று அஞ்சும் உபாத்தியாயர் அதைக் குழந்தைகளிடம் கொடுக்க மாட்டார். ஆகையால், உடைந்ததற்கு விளக்கம் கேட்பதில்லை என்று அதிகாரிகள் முதலிலேயே எழுத்து மூலம் உறுதியளிக்க வேண்டும். ஆண்டு முடிவில் ஓர் ஓடும் உடையாத பெட்டி, பாராட்டுக்குரியதன்று. அது திறக்கப்படவே இல்லை என்பதற்கே அறிகுறி.

மூன்றாவது ஆட்சேபமே முக்கியமானது. அதை நாம் ஒளிக்க விரும்பவில்லை. பாடசாலையையும் களிமண்ணையும் ஒரே வாக்கியத்தில் சொன்னால், தமிழ்நாட்டில் சந்தேகம் எழுவது இயல்பு. 1937-இல் காந்தியடிகள் வார்தாவில் ஆதாரக் கல்வி யோசனையை வெளியிட்டபோது, குழந்தைகளின் உழைப்பிலே பாடசாலையை நடத்துவதா என்ற கேள்வி எழுந்தது. 1953-இல் ராஜாஜி மந்திரிசபை, குழந்தைகள் பாதி வேளை பாடசாலையிலும் பாதி வேளை பெற்றோரின் தொழிலிலும் கழிக்கும் திட்டத்தைப் புகுத்தியது. குலக்கல்வி என்று நாடே அதை எதிர்த்தது. 1954-இல் காமராஜர் பதவியேற்றபின் அது கைவிடப்பட்டது. குயவர் மகன் குயவனாகவே இருக்கட்டும் என்ற விதியை மீண்டும் எழுத எவரேனும் முனைந்தால், நாமும் அவர்களை எதிர்த்து நிற்போம்.

ஆனால் நமது யோசனை அதற்கு நேர் எதிரானது. குயவர் குழந்தை மட்டும் களிமண்ணைத் தொடுவது குலக்கல்வி. தாசில்தாரின் குழந்தையும், வியாபாரியின் குழந்தையும், கூலிக்காரரின் குழந்தையும், குயவரின் குழந்தையும் ஒரே கட்டிக் களிமண்ணைச் சுற்றி உட்கார்ந்து கணிதம் கற்பது பொதுக்கல்வி. விற்பதற்கான பண்டம் ஒன்றும் அங்கே செய்யப்படுவதில்லை; கற்பதற்கான பண்டம் மட்டுமே செய்யப்படுகிறது. பரம்பரையாகச் சக்கரத்தில் அமர்ந்தவர்களின் கையிலே இருந்த அறிவும் கணிதமே என்று பாடசாலை ஒப்புக்கொள்ளும் நாளில், அவர்கள் வீட்டுக் குழந்தை வகுப்பில் தலைகுனிந்து உட்கார வேண்டியிராது. அதே குழந்தை நாளை இஞ்சினீயராகவோ கணித ஆசிரியராகவோ ஆவதற்கு அதுவே முதற்படியாகும்.

இதைப்போலவே நமது பெண்மக்கள் வாசலில் இடும் புள்ளிக் கோலத்தையும் பாடசாலை கணிதமாக மதித்ததில்லை. ஆனால் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிப்ட் சிரோமணியும் அவருடன் ஆராய்ச்சி செய்தவர்களும் 1974-ஆம் ஆண்டிலேயே கோலத்தைக் கம்ப்யூட்டர் சாஸ்திரத்தின் பொருளாக எடுத்து ஆராய்ந்தார்கள். சர்வகலாசாலை மதித்ததை ஆரம்பப் பாடசாலை அலட்சியம் செய்வது விந்தையன்றோ? களிமண்ணும் காகிதமும் கோலமாவும் காசு கொடுத்து அன்னிய நாட்டிலிருந்து தருவிக்கும் சரக்குகளல்ல. அவை நம் வாசலிலேயே கிடக்கின்றன.

திரைகள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முதலில் கை, பின்னர் கண், அதன்பின் சூத்திரம் என்ற வரிசை மாறலாகாது என்றே சொல்கிறோம். ஓட்டைத் தொட்டுத் திருப்பிய குழந்தைக்குத் திரையில் சுழலும் சதுரமும் அர்த்தமுள்ளதாகும். தொடாத குழந்தைக்கு அது மற்றொரு வேடிக்கைப் படமே. திரைகளுக்காகச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பகுதியேனும் இத்தகைய கைக்கருவிகளுக்கும், அவற்றைக் கையாளும் பயிற்சிக்கும் ஒதுக்கப்பட வேண்டும். சோதனையாக விருத்தாசலம் தாலூகாவின் சில பாடசாலைகளில் ஓராண்டு நடத்திப் பார்க்கட்டும். பெட்டியைப் பெற்ற பாடசாலையையும் பெறாத பாடசாலையையும் ஒப்பிட்டு, கிடைக்கும் பலனை மறைக்காமல் வெளியிடட்டும். பலன் இல்லையெனில் கைவிடுவதில் வெட்கமில்லை. பலன் உண்டெனில் நமது ராஜ்யம் முழுவதும் பரப்பத் தயக்கம் கூடாது.

சுந்தர ராவ் தமது நூலை வெளியிட்டு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு சதுரக் காகிதம். விருத்தாசலத்தில் காகிதத்தோடு களிமண்ணும் இருக்கிறது, சுள்ளையும் இருக்கிறது, தொழில் தெரிந்த கைகளும் இருக்கின்றன. இனி வேண்டுவது கல்வி அதிகாரிகளின் ஓர் உத்தரவும், உபாத்தியாயர்களின் ஊக்கமும், பெற்றோரின் ஒத்துழைப்புமே. தாமதமாகும் ஒவ்வொரு ஆண்டும், மற்றொரு வகுப்புக் குழந்தைகள் ஆறு முகங்களில் மூன்றை மட்டும் பார்த்துக் கணிதத்தை அஞ்சக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் நினைவில் வைப்பார்களாக.